இன்று என்ன கிழமை

காலைப் பூசைக்குப் போன ததேயுஸ் மதியம் மூன்று மணியாகியும் வீடு திரும்பவில்லை. வயது எழுபத்து நான்கு. இரண்டு வருடமாக மறதி. கடற்கரைப் பக்கம் நடந்து போனதை ஒருவர் பார்த்திருந்தார். கடியப்பட்டணம் கடலில் இரண்டு வள்ளங்கள் தேடிக்கொண்டிருந்தன. எஸ்.ஐ. பெமிலா ஸ்டேஷனில் இருந்த போலீசையெல்லாம் கரைக்கு அனுப்பிவிட்டாள்.

"மீன்பிடிக்காரரு வேற எங்க போவாரு மேடம்," என்றார் ஏட்டு செல்வதாஸ். அவர் டீ கிளாசை வைத்திருந்தது மேசையில் கிடந்த டேப்லெட்டின் மேல். போலீஸ் துறை சோதனைக்காகக் கொடுத்த ஏ.ஐ. செயலி அதில் இருந்தது. தெரிந்ததை எழுதினால் திருப்பிக் கேள்வி கேட்கும்.

பெமிலா கிளாசை நகர்த்திவிட்டு எழுதத் தொடங்கினாள்.

"இது கடல்ல நீந்துமா மேடம்?"

"சும்மா இரும் ஏட்டையா."

திரையில் இரண்டு வரி வந்தது. 'கடலுக்குப் போனார் என்பது பார்த்ததா, நினைத்ததா? இன்று ஞாயிறு. ஞாயிறுகளில் அவர் என்ன செய்வார்?'

பெமிலா ஜன்னல் வழியே பார்த்தாள். தேடப் போன இரண்டைத் தவிர ஊர் வள்ளங்கள் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போவதில்லை. சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம். காலையிலிருந்து ஒருவருக்கும் தோன்றவில்லை. 

பெஞ்சில் ததேயுஸின் மனைவி வியாகுலம்மாள் ஜெபமாலையோடு இருந்தாள். பெமிலா அவளிடம் போய்க் கேட்டாள்.

"ஞாயித்துக்கெழமையா? அவிய தண்ணியில காலு நனைக்க மாட்டாவ மக்ளே. எங்க மகன் அபின் காலேஜ் படிச்சப்ப, கருவாட்டுப் பொதியும் குடுத்து அவன ரயிலேத்தி விட இரணியலுக்குப் போவாவ. அது ஆச்சு இருவது வருசம். அவன் இப்ப மஸ்கட்ல கெடக்கான்."

"வீட்ல எதாவது காணாம போயிருக்கா?"

"கருவாட்டுப் பொதி ஒண்ணு. பூனை கொண்டு போச்சுன்னு நெனச்சேன்."

பெமிலா இரணியல் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். போனை எடுத்தவர் பிளாட்பாரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"இருக்காரு மேடம். பிளாட்பாரக் கடைசியில, மடியில பொதியோட. மகன் டிக்கெட் எடுக்கப் போயிருக்கான், ரயில் வந்தா நான் முன்னால ஏறி எடம் பிடிக்கணும்னு சொல்லுதாரு."

"ரயில் எப்ப?"

"இன்னும் பத்து நிமிசம்."

"அவரு கையப் பிடிச்சுக்கிடுங்க. விட்டுராதீங்க."

வியாகுலம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். டேப்பைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள்.

"இதுக்கு அவியளத் தெரியுமா மக்ளே?"

"தெரியாதும்மா. உங்ககிட்ட கேக்கச் சொல்லிச்சு. அவ்வளவுதான்."

செல்வதாஸ் வள்ளங்களைத் திரும்ப அழைத்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து, டேப்பில் இருந்த டீக்கறையை மெதுவாகத் துடைத்தார்.