திருப்பி மாட்டிய டயர்

பத்திரகாளி அதைச் சொன்னபோது ராக்கப்பன் வாயில் பாதி வடை இருந்தது. சாத்தூரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டில் ராக்கப்பனுக்கு லாரிப் பட்டறை, எதிர்வரிசையில் பத்திரகாளிக்குப் பஞ்சர் கடை. ஒரே டீக்கடையில் குடித்து ஒருத்தரை ஒருத்தர் ஏசிக்கொண்டே வளர்ந்த சிநேகிதம்.

“ஒம் மருமகன் வண்டி இப்ப ஒழுங்கா ஓடுதாலே?” என்றார் பத்திரகாளி. “நேத்து நீ மதுரைக்குச் சாமான் வாங்கப் போயிருந்தப்ப வந்தாரு. முன்டயர் ரெண்டையும் களத்தி, ரிம்முல உள்பக்கத்த வெளிப்பக்கமாத் திருப்பி மாட்டிக் குடுத்தேன். ஒங்கிட்டச் சொல்ல வேண்டாம்னாரு. வேலதான் முடிஞ்சிருச்சே, இனி என்னன்னு சொல்றேன்.”

ராக்கப்பன் வாயிலிருந்த வடையைத் துப்பினார். அன்று காலையில்தான் ஜெயபாண்டி வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தான். மகள் மாரிச்செல்வியின் புருஷன். அவன் ஓட்டுகிற லாரிக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. ‘ரோட்டுல நிலையா நிக்க மாட்டேங்கு மாமா’ என்றதோடு சரி, அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. ராக்கப்பன் முன்சக்கரங்களுக்கு நடுவே கோல் வைத்து அளந்தார். சக்கரங்கள் முன்பக்கம் விரிந்து நிற்பதாகக் கோல் காட்டியது. டயரோ வெளியோரம் தேய்ந்து கிடந்தது. வெளியோரம் தேய்ந்தால் சக்கரங்கள் முன்னால் கூடி நிற்கின்றன என்று அர்த்தம். கோல் ஒன்று சொல்ல, டயர் வேறொன்று சொன்னது. கிழட்டு வண்டி, லோடு ஏறினால் அது நிற்கிற நிலையே மாறிப்போகும், வெறும் வண்டியில் எடுத்த அளவை நம்பினால் உருப்பட்ட மாதிரிதான் என்று கோலை மூலையில் வீசினார். “டயரு பொய் சொல்லாது மாப்ள” என்று ஒரு பிரசங்கமும் வைத்தார். சக்கரங்களை இன்னும் விரித்து, இறுக்கிய போல்ட்டின் தலையில் சுத்தியலால் இரண்டு போடும் போட்டார். ஜெயபாண்டி பக்கத்தில் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். படுபாவி, அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா?

உண்மையில் தேய்ந்திருந்தது உள்ளோரம். ஏற்கெனவே விரிந்து நின்ற சக்கரத்தை இவர் மேலும் விரித்து, பட்டாசு லோடு ஏற்ற அனுப்பிவிட்டார். இனி ரோட்டில் ஸ்டியரிங் ஒரு நிலையில் நிற்காது. டயர் இழுபட்டு இழுபட்டுச் சூடாகும். முன்டயர் வெடித்தால் வண்டி யார் கையிலும் நிற்காது. பின்னால் இருப்பதும் அரிசி மூட்டை இல்லை.

போன் போட்டார். அணைத்து வைத்திருந்தது. பட்டாசுக் கம்பெனிக்குள் போகிறவன் செல்போனை வாசலிலேயே கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். அது அவருக்குத் தெரிந்ததுதான், இருந்தும் விரல் திரும்பத் திரும்ப அதே நம்பரை அமுக்கியது. பட்டறையிலிருந்து சாமான் பையையும் வீசிய கோலையும் எடுத்து பைக்கில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். தீபாவளி சீசன். எதிரே வந்த ஒவ்வொரு லாரியின் நெற்றியையும் பார்த்துக்கொண்டே போனார். மாரியாத்தா, அந்த வண்டியா இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று வாய் முனகியது.

கம்பெனி கேட்டை அவர் எட்டியபோது, தார்ப்பாய் கட்டிய வண்டி வெளியே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. பைக்கை ஓரத்தில் போட்டுவிட்டு ஓடிப்போய் நடுரோட்டில் நின்றார்.

“எறங்கு மாப்ள!” என்றார். வாழ்நாளில் மருமகனை அவர் ஒருமையில் கூப்பிட்டது அப்போதுதான்.

வாச்மேன் கத்திக்கொண்டே ஓடிவந்தார். “லோடு வண்டி கேட்டு முன்னால நிக்கக் கூடாதுய்யா! சண்டைய அங்கிட்டுப் போயி வச்சுக்கோங்க!”

அது நியாயம்தான். வேறு வழியில்லாமல் ராக்கப்பன் பைக்கிலிருந்து பையையும் கோலையும் எடுத்துக்கொண்டு லாரியில் ஏறி உட்கார்ந்தார். “அங்கன பொட்டல் வரைக்கும் உருட்டுங்க. நடந்து போற வேகம்தான்.” முன்னால் ரோடு நேராகத்தான் கிடந்தது. ஜெயபாண்டியின் கைகள் மட்டும் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் பிடித்துப் பிடித்து விட்டன. அதைப் பார்த்த ராக்கப்பன் கதவுக் கம்பியைப் பற்றிக்கொண்டார்.

“டயரத் திருப்புனத ஏன் சொல்லல?”

ஜெயபாண்டி ரோட்டையே பார்த்தான். “போன தடவ டயரு தேஞ்சதுக்கு பட்டறையில அம்புட்டுப் பேரு முன்னாலயும் ஏசுனீக. ஒங்க மகளும் அங்கன நின்னா. இந்தத் தடவ நல்ல ஓரம் உள்ள போயிட்டா இனி அங்கன தேஞ்சு ரெண்டு ஓரமும் ஒண்ணாயிரும், நீங்க அளவ மட்டும் பாத்துச் சரி பண்ணிருவீகன்னு நெனச்சேன்.” கொஞ்ச தூரம் கழித்துச் சொன்னான். “நீங்க கோலத் தூக்கி வீசுனப்பவே சொல்லிருக்கணும் மாமா. பயமா இருந்துச்சு.”

என் வாய்க்குப் பயந்து ஒருத்தன் உசுரை டயரில் கட்டிக்கொண்டு அலைகிறானே என்று ராக்கப்பன் மனசு அடித்துக்கொண்டது.

பொட்டலில் நிறுத்தியதும் முதல் வேலையாக பையிலிருந்து சுத்தியலை எடுத்துத் தூரப் போட்டார். இரும்பும் இரும்பும் மோதினால் பொறி பறக்கும். ஜாக்கி வைத்துத் தூக்கவும் துணிச்சல் வரவில்லை. வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்தார். தலைமாட்டில் அத்தனை பட்டாசு மருந்தும் அட்டைப் பெட்டிகளில் உட்கார்ந்திருந்தது. காலையில் சுத்தியலால் அடித்து இறுக்கிய போல்ட்டு இப்போது அசையவே மாட்டேன் என்றது. எந்தப் பயல் இப்படி இறுக்கினான் என்று ஏச வாயெடுத்து, அடக்கிக்கொண்டார். ஸ்பேனரில் ஈரத்துணியைச் சுற்றி, நீளக் குழாயைச் சொருகினார்.

“மாப்ள, இங்கிட்டு வாங்க. சேந்து இழுக்கணும். வெடுக்குன்னு வேண்டாம்.”

ஜெயபாண்டி பக்கத்தில் வந்து படுத்தான். இருவர் தோளும் உரசின. குழாயைப் பிடித்து, மூச்சைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார்கள். போல்ட்டு கிறீச்சென்று இளகியபோது இருவருமே கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. சக்கரங்களை இணைக்கிற கம்பியைத் திருகுவதும், வண்டியை ஒரு சாண் முன்னும் பின்னும் உருட்டுவதும், கோலை வைத்து அளப்பதுமாக வெயில் சாய்ந்துவிட்டது. கோலைப் பார்த்தால் அளவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் ராக்கப்பனுக்கு இன்று அவர் கண் மேலேயே நம்பிக்கை இல்லை.

“நானும் வாரேன்” என்றார்.

“சேலத்துக்கா?”

“டயருச் சூடு தெரியற வரைக்கும்.”

நாலு வழி ரோட்டில் ஏறி விருதுநகரைத் தாண்டினார்கள். ஸ்டியரிங் ஒரே நிலையில் நின்றது. அதற்காக நம்பிவிட முடியுமா? அகலமான ஓரமாகப் பார்த்து நிறுத்தச் சொன்னார். உள்ளோரம் சுட்டால் சக்கரம் இன்னும் விரிந்துதான் நிற்கிறது. வெளியோரம் சுட்டால் கூட்டி வைத்துவிட்டார். ஒரே சூடாக இருந்தால் வண்டி ஊர் போய்ச் சேரும். ராக்கப்பன் இடது பக்கம் குனிந்தார். ஜெயபாண்டி வலது பக்கம் போனான். நடுவில் எஞ்சின் மறைத்ததில் ஒருவருக்கொருவர் முகம் தெரியவில்லை.

ராக்கப்பன் உள்ளங்கையை டயரின் உள்ளோரத்தில் வைத்தார். பிறகு வெளியோரத்தில். மறுபடியும் உள்ளே. உள்ளே ஒரு மயிரிழை கூடுதலாகச் சுடுகிற மாதிரி இருந்தது. பயத்தில் அப்படித் தோன்றுகிறதோ என்றும் இருந்தது. வேறொரு நாளாயிருந்தால் இந்நேரம் தீர்ப்புச் சொல்லி முடித்திருப்பார்.

“மாப்ள” என்று கூப்பிட்டார். குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. “எனக்கு இந்தப் பக்கம் சரியாப் புடிபடல. ஒங்க பக்கம் எப்படி இருக்கு? நா ஏச மாட்டேன். உள்ளதச் சொல்லுங்க.”

“இருங்க மாமா, தப்பாச் சொல்லிரக் கூடாது. நல்லாத் தொட்டுப் பாத்துச் சொல்றேன்” என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. குனிந்து அடியில் பார்த்தார். ஜெயபாண்டியின் கை மட்டும் தெரிந்தது. அது டயரின் உள்ளோரத்தில் விரிந்து, எடுக்காமல், அப்படியே இருந்தது.