கிராணிக்குத் தெரிந்த பதினொரு சொற்கள்

ஆம்புரோஸைக் குழியில் இறக்குவதற்கு முன் அவன் முகத்திலிருந்து ரப்பரை உரித்தெடுத்தது அவன் தங்கை கத்தரின்தான். ரப்பர்ப் பால் வாளி தலையிலிருந்து சரிந்ததில் முகமும் கழுத்தும் நனைந்து, வெயிலில் தோலாக உறைந்திருந்தது. உரித்தபோது புருவ மயிர் நாலைந்து அதோடு வந்தது. அந்தத் துண்டை அவள் எறியவில்லை.

மூன்று நாளாக மலேரியாக் காய்ச்சல் அவனுக்கு. நாலாம் நாள் பால் நிறுக்கும் நேரத்தில், பத்துகாஜா ஆஸ்பத்திரிக்குப் போகச் சீட்டுக் கேட்டான். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சதாசிவம் சீட்டுத் தரவில்லை. நிறைந்த வாளியைத் தலையில் ஏற்றி ஆபீஸ் வாசலில் நிற்க வைத்தான். நாலு பால்வெட்டிகள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஆம்புரோஸ் விழுந்த பிறகும் அவர்கள் கிட்டே போகப் பயந்தார்கள்.

மலாயாவில் கோப்பெங் பக்கத்திலிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்துக்கு மணிலாக்காரன் தோட்டம் என்று பெயர். முதலாளி குடும்பம் மணிலாவில் இருந்தது, ஸ்பானிஷ் பேசுகிற குடும்பம். தோட்டத்தை நடத்தத் துரை என்று ஒருவர் உண்டு. காலையில் குதிரைமேல் ஒரு சுற்று வருவார், பத்து மணிக்குமேல் போத்தலும் அவருமாக இருப்பார். அதிகாரமெல்லாம் கிராணிக்குத்தான். மாதம் ஒரு முறை மணிலாவுக்கு ஸ்பானிஷில் கடிதம் எழுதுகிற ஆள் என்று தோட்டமே அவனை அண்ணாந்து பார்த்தது.

"கள்ளு குடிச்சு செத்தான்னு மணிலாவுக்கு எழுதியாச்சு. இனிமே யாரும் அதைப் பத்திப் பேச வேணாம்" என்று அவனே கூலிகள் குடியிருந்த லயத்துக்கு வந்து சொன்னான். ஆம்புரோஸ் கள்ளுக்கடைப் பக்கமே போகாதவன். அந்த வாரமே கத்தரினுக்கு லயத்து அறையும் போயிற்று.

ஈப்போவில் மாதா கோவில் சாமியார் அவளை ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். வீட்டுக்காரர் மணிலாவிலிருந்து வந்தவர், ஊமைப்படக் கொட்டகையில் வயலின் வாசிப்பவர். மனைவி இல்லை. மகள் பிலாருக்குக் கத்தரின் வயதுதான். ஈப்போவிலேயே பிறந்தவள், மலாயும் கடைத்தெருத் தமிழும் சரளமாகப் பேசுவாள். வீட்டுக்குள் அப்பாவும் மகளும் ஸ்பானிஷில் சண்டை போட்டார்கள். ஒரு வருஷத்தில் கத்தரினுக்கு அது காதில் ஏறிவிட்டது. உப்பு, நெருப்பு, செருப்பு, வா, போ, எங்கே, ஏன். வாயைத் திறந்து பேசமாட்டாள். ஆனால் ஒரு சொல்லும் தப்பாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்து வந்தபோது சதாசிவம் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கங்காணி மாயாண்டி, கையில் கால் கட்டிய கோழி. கத்தரின் அடுக்களைத் திரைக்குப் பின்னால் நின்றாள். சதாசிவம் மலாயில் சொல்லச் சொல்ல, பிலார் கொட்டாவி விட்டுக்கொண்டே ஸ்பானிஷில் எழுதினாள். எழுதி முடித்ததும் அவன் பென்சிலால் இங்கொரு சொல் அங்கொரு சொல் தொட்டுப் பார்த்தான். கையெழுத்துப் போட்டான். தோட்டத்து முத்திரையைக் குத்தினான். கோழியை வைத்துவிட்டுப் போனான்.

"அவனுக்கு ஸ்பானிஷ் தெரியாதா மிஸ்ஸி?"

"அவனுக்கா? பத்துச் சொல்லு தெரியும் லா. மணிலாவுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம். மாசம் ஒரு கோழி."

"போன வருஷம், கள்ளு குடிச்சு ஒருத்தன் செத்தான்னு எழுதினீங்களா?"

பிலார் யோசித்தாள். "ஆமா, எழுதினேன். ஏன்?"

கத்தரின் உள்ளே போய்த் தன் துணிப்பெட்டியிலிருந்து அந்த ரப்பர்த் துண்டை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். நீளமாகச் சொல்ல அவளுக்கு வராது. நாலே வாக்கியம்தான். பிலார் கோழியின் கால்கட்டை அவிழ்த்து, அதைக் கொல்லைப்பக்கம் விரட்டிவிட்டு வந்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் கோழி தின்னவில்லை.

"நான் என்ன செய்யணும்?" என்றாள் பிலார்.

"எழுதக் கத்துக்குடுங்க. அவனுக்கு நான் எழுதறேன்."

பிலாரின் அப்பாவிடம் ஓர் இலக்கணப் புத்தகம் இருந்தது. அட்டை போய்விட்டது. முதல் பாதியைக் கரையான் தின்றிருந்தது. "பரவாயில்லை, அந்தப் பாதிதான் உனக்கு அடுப்படியிலேயே வந்திருச்சே" என்றாள் பிலார். மிஞ்சியிருந்த பாதிதான் கடினமான பாதி. கத்தரின் ரப்பர்த் துண்டை அதில் அடையாளத்துக்கு வைத்தாள். வெக்கையில் அது பக்கங்களில் ஒட்டிக்கொள்ளும். பிய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அடுக்களைக்கு நிகழ்காலம் போதும். புத்தகத்தில் இறந்தகாலமே இரண்டு விதமாக இருந்தது. ஒரே தடவையில் நடந்து முடிந்ததற்கு ஒன்று, நீண்டுகொண்டே இருந்ததற்கு இன்னொன்று. உதாரணம் எழுதச் சொன்னாள் பிலார். வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அவன் விழுந்தான் என்று கத்தரின் எழுதினாள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவன் செத்தான் என்று அடுத்தது.

"உன் உதாரணத்துலே எல்லாரும் சாகறாங்களே. ஒருத்தன் ஒரு நாளாவது மாம்பழம் சாப்பிடக் கூடாதா?"

கத்தரின் சிரித்தாள். ஆனால் மாம்பழம் எழுதவில்லை.

அதற்கப்புறம் ஆசையும் பயமும் ஏவலும் வந்தால் அடுத்து வரும் வினை தன் உருவத்தை மாற்றிக்கொள்ளும் பாடம். ஐந்து மாதம் அதில் போயிற்று. பாத்திரம் தேய்க்கும்போது உதட்டுக்குள் வினைகளை உருட்டினாள். பிறகு நடக்காமல் போனவற்றைப் பேசும் வாக்கியங்கள். சீட்டுக் கொடுத்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். இதை அவள் நாற்பது தடவை எழுதினாள். முப்பதாவது தடவைக்குமேல் ஒரு பிழையும் இல்லை, ஆனாலும் நிறுத்தவில்லை. செய்தவனைச் சொல்லாமல் செய்ததை மட்டும் சொல்லும் வழியும் ஒன்று இருந்தது. கோப்பை உடைந்தது, கதவு திறந்தது, ஆள் செத்தது.

"கிராணிமாருக்கும் முதலாளிமாருக்கும் இதுதான் ரொம்பப் பிடிக்கும்" என்றாள் பிலார்.

கத்தரின் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். பயிற்சி மட்டும் எழுதவில்லை.

இரண்டாம் வருஷம் முடிவில், கை வலி என்று சொல்லிப் பிலார் எழுத்து வேலையை அவளிடம் ஒப்படைத்தாள். பிலாரின் பழைய கவுன் ஒன்றைப் போட்டுக்கொண்டு, தலையை வாரிக் கட்டி, கத்தரின் மேசையில் உட்கார்ந்தாள். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் முக்காடு போட்டு நின்ற இருநூறு பேரில் ஒருத்தியைச் சதாசிவம் எந்தக் காலத்தில் பார்த்தான்? அவனிடம் அவள் மலாயைத் தவிர வேறு பேசவில்லை. அதுவும் ஒற்றைச் சொல்லாக.

மாயாண்டி மட்டும் உற்றுப் பார்த்தான். "இந்தப் பொண்ணை எங்கியோ பாத்த மாதிரி இருக்கு அண்ணே."

"மணிலாக்காரன் ஊட்டுப் பொண்ணு லா. அங்கயும் கறுப்பா இருப்பாங்க. கவுனு போட்டவளுக்கெல்லாம் உங்க லயத்துலே சொந்தம் தேடாதே."

அதோடு முடிந்தது. கவுனும் மலாயும் சேர்ந்தால் தமிழ் இல்லை என்று அவனுக்கு ஒரு தீர்மானம். அவள் எதிரிலேயே அவர்கள் தமிழில் எல்லாம் பேசினார்கள். அவன் பென்சில் தொடும் சொற்களை அவள் மாதாமாதம் மனத்தில் குறித்துக்கொண்டாள். ரப்பர், மரம், மழை, கூலி, காய்ச்சல், வேலை, நல்லது, ஐயா, மணிலா, நன்றி, அப்புறம் அவன் பெயர். மொத்தம் பதினொன்று.

"இன்னும் எதுக்குக் காத்திருக்கே? எழுதிடு" என்றாள் பிலார்.

"நான் சொன்னதை எழுத மாட்டேன் மிஸ்ஸி. அவன் சொல்றதை எழுதறதுதானே என் வேலை? அவன் வாயாலே சொல்லட்டும்."

ஏழு மாதம் காத்திருந்தாள்.

மழை முடிந்து காய்ச்சல் பரவிய ஒரு ஞாயிறு. தோட்டத்தில் சின்னையா என்றொருவன் சீட்டுக் கேட்டு நச்சரிப்பதாக மாயாண்டி சொன்னான்.

"அந்த வேதக்காரப் பயலை நிறுத்தின மாதிரி இவனையும் ஒரு நாளு நிறுத்து. வாளி தலையிலே ஏறினா காய்ச்சல் தானா எறங்கும்" என்றான் சதாசிவம்.

"அவன் ஆளே எறங்கிட்டானே அண்ணே."

"அதுக்கென்ன? கள்ளுன்னு எழுதினேன். மணிலாவுலே ஒரு நாய் கேட்டுச்சா? நிஜமாவே காய்ச்சல்தான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். கண்ணு மஞ்சளா இருந்துச்சு. ஒருத்தனுக்கு சீட்டு குடுத்தா மறுநாள் அம்பது பேரு வந்து நிப்பான் லா."

இருவரும் சிரித்தார்கள். கத்தரின் பேனாவை மையில் தோய்த்தாள்.

பிறகு அவன் மலாயில் சொல்ல ஆரம்பித்தான். ரப்பர் நன்றாக இருக்கிறது, மழை அதிகம், தன்னைத் துரைக்கு அடுத்த சின்னத் துரையாக்க வேண்டும். அவள் எழுதினாள். அவன் தமிழில் சொன்னதை எழுதினாள். பதினொரு சொற்களையும் அங்கங்கே வைத்தாள். ரப்பரும் மழையும் முதல் வரியில் நின்றன. அவற்றுக்குப் பின்னால் வாக்கியங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக நீண்டு போயின. கிட்டத்தட்ட மூன்று வருஷப் படிப்பு அதில் இருந்தது.

சதாசிவம் பென்சிலோடு குனிந்தான். தொட்டான், தொட்டான், தலையாட்டினான். வழக்கத்தைவிடக் கடிதம் நீளமாக இருந்தது அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

"பாச்சா" என்றான். படி.

எந்த மாதமும் அவன் படிக்கச் சொன்னதில்லை. அடுக்களைத் திரை அசைந்தது, பிலார் அங்கே நின்றாள். கத்தரின் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்துப் படித்தாள். சதாசிவமாகிய நான், காய்ச்சல் என்று தெரிந்தே, அம்ப்ரோசியோ என்பவனுக்குச் சீட்டு மறுத்தேன். ரப்பர்ப் பால் நிறைந்த வாளியை அவன் தலையில் ஏற்றினேன். அவன் சாகும்வரை வெயிலில் நிறுத்தினேன். கள் குடித்தான் என்று ஐயாவுக்குப் பொய் எழுதினேன். நான் சீட்டுக் கொடுத்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். இப்போது சின்னையா என்பவனையும் அப்படியே நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். பார்த்த நாலு பேரின் பெயர்களைக் கீழே தருகிறேன்.

மாயாண்டி தலையைத் தூக்கினான். "என்னமோ அம்புரோசுன்னு கேட்டுச்சே அண்ணே?"

கத்தரின் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தொலைந்தது. சின்னையாவின் பெயரையும் அந்த நாலு பெயர்களையும் மட்டும் விழுங்கிவிட்டுப் படித்தாள்.

"அது அவங்க சாமி பேரு. கடுதாசிலே சாமி பேரு வராம எழுத மாட்டாங்க. சும்மா இரு" என்றான் சதாசிவம். அவள் முடித்ததும், "பாகுஸ், பாகுஸ்" என்று மெச்சினான். இவ்வளவு அழகான கடிதத்தைத் தான் எழுதியதே இல்லை என்று மாயாண்டியிடம் சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டான். முத்திரையை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் குத்தினான்.

அடுத்த நாள் பிலார், தோட்டத்தில் மலேரியா பரவியிருக்கிறது என்று ஈப்போ சுகாதார ஆபீசுக்கு ஓர் இங்கிலீஷ் கடிதம் போட்டாள். அதிகாரி ஒருவர் வந்து போனார். சின்னையா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தான் என்று சந்தையில் கேள்விப்பட்டார்கள்.

மணிலாவிலிருந்து பதில் வர ஏழு வாரம் ஆயிற்று. சதாசிவம் புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு, இரண்டு கோழிகளோடு வந்தான். அரக்கு முத்திரை வைத்த உறையை மேசைமேல் வைத்தான். மாயாண்டியையும் அழைத்து வந்திருந்தான், சின்னத் துரையாவதை ஒருவனாவது காதால் கேட்க வேண்டுமே.

கத்தரின் முதலில் தனக்குள் படித்தாள். கிராணி இந்தத் தேதியோடு நீக்கப்பட்டான். அவன் கடிதத்தின் நகல் ஈப்போவிலுள்ள தொழிலாளர் அதிகாரிக்குப் போயிருக்கிறது. நாலு சாட்சிகளையும் அவர் விசாரிப்பார். இரண்டு பக்கம் முழுக்க, கிராணி பொய் எழுதி முதலாளியை அவமதித்தது பற்றி. ஆம்புரோஸைப் பற்றி ஒரே வரி. தோட்டத்தில் நேர்ந்த ஒரு மரணம் என்று இருந்தது. அவ்வளவுதான். பெயர்கூட இல்லை.

அவள் அந்த வரியைத் திரும்பப் படித்தாள். செய்தவனைச் சொல்லாத அந்த இலக்கணப் பக்கத்தை முதலாளியும் நன்றாகப் படித்தவர்தான்.

"அப்பா?" என்று மலாயில் அவசரப்படுத்தினான் சதாசிவம். என்ன?

கத்தரின் தாளை மேசையில் விரித்தாள். வாயைத் திறந்தாள்.

"உன்னை வேலையை விட்டுத் தூக்கியாச்சு. எங்கண்ணன் ஆம்புரோஸை நீ கொன்னதை நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தியிருக்கே. அது இப்ப ஈப்போ லேபர் ஆபீசுலே இருக்கு."

சுத்தமான தோட்டத்துத் தமிழ். மாயாண்டியின் கையிலிருந்து ஒரு கோழி நழுவி, படபடத்துக்கொண்டு நாற்காலிக்கு அடியில் போயிற்று.

"நீ... நீ தமிழச்சியா?"

"அஞ்சாம் லயம். கடைசி ரூமு."

"நான் சொன்னேனே அண்ணே" என்றான் மாயாண்டி. அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எங்கியோ பாத்தேன்னு சொன்னேனே."

"பொய். இவ பொய் சொல்றா. அப்படி எழுதியிருக்காது."

"நீங்கதான் ஸ்பானிஷ் படிச்சவராச்சே" என்றாள் கத்தரின். கடிதத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தாள். பென்சிலையும் எடுத்துக் கொடுத்தாள். "பாத்துக்குங்க."

சதாசிவம் குனிந்தான். பென்சில் முதல் வரியில் ஓடியது, இரண்டாம் வரியில் ஓடியது. ரப்பர் இல்லை. மழை இல்லை. நல்லது இல்லை, நன்றி இல்லை. பக்கத்தைத் திருப்பினான். வியர்வை சொட்டி மை கலைந்தது. கடைசியில் ஓர் இடத்தில் பென்சில் நின்றது. அவனுக்குத் தெரிந்த ஒரே சொல் அங்கே இருந்தது. அவன் பெயர்.

கத்தரின் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அவன் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினான்.