பிறை விழுந்த கீரை

என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்கள் மீது ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நான்காவது பல் இருந்தவரை கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். அது விழுந்ததோடு நிறுத்திவிட்டேன்.

முப்பத்திநான்கு ஆண்டுகள் பேருந்தில் கண்டக்டராக இருந்தவன் நான். டிக்கெட்டில் துளை போடும் கருவி ஒருமுறை சக்கரத்தில் சிக்கி நசுங்கியது. அன்றிலிருந்து அது போடும் துளை வட்டமாக விழாது. ஓரம் குறைந்து பிறைபோல விழும். ஓய்வு பெற்றபோது அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

எங்கள் தெருமுனையில் 'பூச்சிமருந்து படாதது' என்ற போர்டோடு இயற்கைக் காய்கறிக் கடை ஒன்று வந்தது. முதலாளி எந்நாளும் பச்சைச் சட்டையில்தான் இருப்பார். ஒருநாள் யாரோ ஓர் அம்மாள், "கீரையில ஒரு ஓட்டைகூட இல்லையே, மருந்து அடிச்சதா?" என்று கேட்டுவிட, மறுநாளே அவர் என்னைத் தேடி வந்தார்.

"பெரியவரே, கீரை மூச்சுவிடக் காத்து வேணும். உங்க கருவியால இலைக்கு நாலு ஓட்டை போட்டுக் குடுங்க. உங்க கை மாதிரி வேற யாருக்கு வரும்?"

நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவனிடம் கை ராசி பேசினால், கீரை கொட்டாவி விடும் என்றாலும் நம்பலாம். உட்கார்ந்தால் எனக்குக் கை ஓடாது. கடையின் பின்னறையில் நின்றபடி, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று இலைகளை அதட்டிக்கொண்டே மணிக்கு அறுநூறு துளை போட்டேன்.

என் மருமகளுக்கு ஏழாம் மாதம். முதல் கர்ப்பம் தங்கவில்லை. இந்த முறை பூச்சிமருந்து பட்ட எதுவும் உள்ளே போகக் கூடாதென்று, தனக்கு ஒரு செருப்பு வாங்குவதைக்கூடத் தள்ளிப்போட்டு, இரட்டை விலை கொடுத்து அந்தக் கடையில் வாங்கினாள்.

"மாமா, இங்க பாருங்க. புழு கடிச்ச கீரை. நம்பிச் சாப்பிடலாம்."

பார்த்தேன். பிறை.

கோபத்தில் என் தலைத்தொப்பி அரையடி எழும்பி நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி. அவர் அப்போது ஊரில் இல்லை.

கடைக்கு எதிரே ஓர் அம்மாள் தான் விளைவித்த கீரையைச் சைக்கிளில் வைத்து விற்பாள். அவள் இலைகளில் கண்டபடி கிழிசல். என் ஓட்டைகள் அழகாக இருந்ததால் அவளிடம் யாரும் வாங்குவதில்லை. அவள் கட்டிலிருந்து ஒரு புழுவை இரவல் கேட்டு வாங்கி, கடைக்குள் போய்க் கீரைமேல் விட்டேன். புழு இலையைச் சுற்றி நடந்தது. என் ஓட்டைக்குள் தலையை விட்டுப் பார்த்தது. பிறகு மேசையிலிருந்து இறங்கி, படி தாண்டி, ஒரு லாரிக்கு வழிவிட்டு நின்று, தெருவைக் கடந்து சைக்கிளில் ஏறிவிட்டது.

"புழுவுக்கு என்ன தெரியும்?" என்றார் பச்சைச் சட்டை.

"அதுக்குப் படிக்கத் தெரியாது, தப்பிச்சுது. வயித்துல புள்ளையோட இருக்கறவ உன் போர்டைப் படிச்சுட்டு நம்புறாய்யா."

"ஓட்டை போட்டது யாரு பெரியவரே?"

வெளியே வந்து சைக்கிள் அம்மாளிடம் ஒரு கட்டு கேட்டேன்.

"ஓட்டையா இருக்கும், பரவால்லையா?" என்றாள். "மருந்து அடிச்சா புழுவோட மண்புழுவும் செத்துப்போகுதுங்க. அப்புறம் என் மண்ணு கல்லாயிடும். புழு தின்ன மிச்சந்தான் நமக்கு."

வீட்டில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. மருமகள் கையில் கீரை.

"அம்மாடி, அதைப் போடாத. அந்தக் கடி என்னோடது."

"உங்களுக்குப் பல்லே மூணுதானே, மாமா" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அடுப்பை அணைத்துவிட்டு, இலையை ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்தாள். துளை வழியே ஒரு சின்னப் பிறை வெளிச்சம் அவள் வயிற்றின் மேல் விழுந்தது. உள்ளே குழந்தை உதைத்தபோது, அது அசைந்தது.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன்: நான் வேலை பார்த்த பேருந்துகளில் துளை போடும் கருவியே கிடையாது, டிக்கெட்டைக் கையால் கிழித்துத்தான் கொடுப்போம்.