ஆறு கிலோ மணல்

ஒரே வண்டி, ஒரே வளைவு, ஒரே சரளைக்கல். நான் ஓட்டினேன். என் மனைவியின் தம்பி பின்னால் உட்கார்ந்திருந்தான். வண்டி சறுக்கி விழுந்ததில் எனக்கு வலது தொடை எலும்பு முறிந்தது, அவனுக்கு இடது தொடை. பன்னிரண்டு கட்டில் கொண்ட வார்டில் எங்களைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். அதுவரைக்கும் எல்லாம் சரிசமம்தான். மூன்றாம் நாள் காலையில் டாக்டரம்மா வந்து, "ஆபரேஷன் இவருக்கு" என்று அவனைக் காட்டினார்.

"எனக்கு?" என்றேன்.

"உங்க எலும்புக்குள்ள குழி பெருசு. பதினோரு மில்லி கம்பி வேணும். எங்க கையில இருக்கறது ஒன்பது மில்லி ஒண்ணே ஒண்ணு. அதைப் போட்டா உள்ள ஆடும். எழுதிப் போட்டிருக்கோம், எப்ப வரும்னு சொல்ல முடியாது."

நான் பம்பு, மோட்டார் பழுது பார்க்கிறவன். அளவு சேராத பேரிங்கைப் போட்டால் ஆடும் என்று வாடிக்கையாளர்களிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஆனால் அதைச் சொல்வது ஒரு சுகம், கேட்டுக்கொள்வது வேறு சங்கதி. பதினாறு வருஷம் என் பட்டறையில் எனக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவனுக்குக் கம்பி. முதலாளிக்குக் கம்பி இல்லை.

ஆபரேஷன் முடிந்து அவனைத் திருப்பிக் கொண்டுவந்து படுக்க வைத்த மாலையே விசாரிக்க ஆரம்பித்தேன். கோபத்தில் பேசாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் ஒரு வேலை எப்படி நடந்தது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப் போகச் செய்திருந்ததால் அவன் விழித்திருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

தொடை எலும்பு ஒரு குழாய். அதற்குள் எஃகுக் கம்பியை நீளவாக்கில் இறக்குகிறார்கள். கம்பியின் இரண்டு முனையிலும் ஓட்டைகள் உண்டு. வெளியிலிருந்து எலும்பைத் துளைத்து, அந்த ஓட்டைகள் வழியாகக் குறுக்கே திருகாணி போட்டுவிட்டால் கால் சுருங்காது, திரும்பாது. சிக்கல் எங்கே என்றால், கம்பியின் ஓட்டை எலும்புக்குள் ஒளிந்திருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் அதைக் காட்டும் எக்ஸ்ரே இயந்திரம் ஆபரேஷன் அறைக்குள்ளேயே இருக்குமாம். இங்கே இல்லை. அதனால் கம்பியோடு ஒரு நீளச் சட்டத்தை வெளிப்பக்கமாகப் பூட்டுகிறார்கள். உள்ளே ஓட்டை எங்கேயோ, அதற்கு நேராகச் சட்டத்திலும் ஓட்டை இருக்கும். ஆனால் உள்ளே போன கம்பி கொஞ்சம் வளைந்துகொள்ளலாம், ஓட்டை ஒரு நூல் நகரலாம். எனவே எலும்பின் முதல் சுவரை மட்டும் துளைத்துவிட்டு, மெல்லிய கோல் ஒன்றை விட்டுத் தடவிப் பார்க்கிறார்கள். ஓட்டையில் அது விழுந்ததும் கோலைத் திருப்பினால் கம்பியும் சேர்ந்து அசையும். அப்போதுதான் திருகாணி.

"டக்குனு விழுந்துச்சு மாமா. 'கிடைச்சிருச்சு'ன்னு டாக்டரம்மா சொன்னதும் எல்லாரும் மூச்சு விட்டாங்க. எனக்கே கை தட்டலாம்போல இருந்துச்சு."

"ஏன், தட்டியிருக்க வேண்டியதுதானே?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கப் பார்த்தேன். என்னால் திரும்பவும் முடியாது.

ஏனென்றால் எனக்குச் செய்தது இது. முட்டிக்குக் கீழே எலும்பில் குறுக்காக ஓர் ஊசிக்கம்பி. அதில் ஒரு கயிறு. கயிறு கட்டிலின் கால்மாட்டில் இருந்த கப்பி மேல் ஏறி இறங்கி, நுனியில் மணல் பை தொங்கியது. தொடைச் சதைக்கு வலு அதிகம், முறிந்த எலும்பின் இரண்டு துண்டுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிவிடும், கால் குட்டையாகிவிடும். மணல் பை இழுத்துக்கொண்டே இருந்தால் சதை களைத்துப்போய் விட்டுக்கொடுக்கும். ஆளும் சேர்ந்து வழுக்கி வராமலிருக்கக் கட்டிலின் கால்மாட்டை மரக்கட்டை வைத்து உயர்த்தியிருந்தார்கள். முதல் வாரம் பத்துக் கிலோ. பிறகு கட்டிலோடு தள்ளிக்கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்து, நேராகிவிட்டது என்று ஆறு கிலோவாக்கினார்கள். அவனுக்கு முழு எஃகுக் கம்பி, எனக்கு மணலில்கூடக் குறைப்பு.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அவன் ஊன்றுகோல் வைத்து எழுந்து நின்றான். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பன்னிரண்டு கட்டிலும் பார்த்தது. எதிர்க் கட்டிலில் முழங்கால் மாவுக்கட்டோடு கிடந்த தையல்காரர் சொன்னார்: "பம்புக்காரரே, உங்க மச்சினன் நடையைப் பாத்தா எனக்கே ஒரு கம்பி வேணும்போல இருக்கே!"

"உமக்கு நாக்குல போடச் சொல்றேன்."

இரண்டாம் வாரம் அவன் வீட்டுக்குப் போனான். மூன்றாம் வாரம் பட்டறையைத் திறந்தான். முட்டியை மடக்கப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்கு வருகிற சாக்கில் தினமும் மத்தியானம் என் கட்டிலோரம் உட்கார்ந்துவிடுவான்.

"அந்த ஆலைக்காரர் பம்பு ஓடிருச்சு மாமா. ஆகாதுன்னு ஓரமா வெச்சிருந்தீங்களே, அது."

"ம்."

என் மனைவி வேறு: "தம்பியை எல்லாரும் இப்ப சின்ன முதலாளிங்கறாங்க. கேக்கவே சந்தோஷமா இருக்குங்க."

வயிறு எரிவது என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உண்மையாகவே தொப்புளுக்கு மேலே சுடும். இன்னும் இரண்டு மாதம் இப்படியே கிடந்தால் 'சின்ன' என்கிற சொல் உதிர்ந்துவிடும், நான் போய் அவனுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான் என்று கணக்குப் போட்டேன்.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. அதாவது, செய்யாமல் போனது. தண்டில் இறுகிக்கொண்ட சக்கரத்தைக் கழற்றும்போது இழுப்பானை இன்னும் அரைச் சுற்று முறுக்கினால் சீக்கிரம் வரும். அப்படியென்றால் எடையைக் கூட்டினால் கால் சீக்கிரம் தேறும். எனக்குக் கை எட்டாது. அவனுக்கு எட்டும்.

"மாப்ள, எடையைக் கூட்டணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. இங்க மணல் தீந்துபோச்சாம். பட்டறையிலேருந்து பழைய நட்டு ரெண்டு கிலோ கொண்டாடா."

"நிஜமாவா மாமா?"

"பின்னே, எனக்கென்ன ஆசையா?"

மறுநாள் கொண்டுவந்தான். சிஸ்டர் மருந்து எடுக்கப் போன நேரத்தில், ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையின் வாயை அவிழ்த்து நட்டுகளை மணலுக்குள் புதைத்துக் கட்டினான். அடுத்த வாரம் இன்னொரு இரண்டு கிலோ. வலித்தது. வலித்தால் வேலை நடக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஐந்தாம் வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அதை எங்கள் பக்கம் திருப்பி விரலால் காட்டினார். எலும்பின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் சுண்டுவிரல் அகலத்துக்கு வெறும் கறுப்பு.

"சதை நடுவுல மாட்டியிருக்கணும். இப்படியே விட்டா ஒட்டாது. திறந்து எடுத்துட்டுத் தகடு வைக்கணும்."

"செஞ்சிடலாமே டாக்டர்," என்றாள் என் மனைவி.

"செய்யலாம். ஆனா திறந்தா ரத்தம் நிறையப் போகும், எங்ககிட்ட ரெண்டு பாட்டில்தான் இருக்கு. எலும்புல சீழ் பிடிச்சா அப்புறம் காலே கேள்விக்குறி. யோசிச்சுச் சொல்லுங்க."

நான் யோசிக்கத் தேவையே இல்லை. அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை.

"அந்த எடை பத்தலையா டாக்டர்?" என்றான் அவன்.

"எந்த எடை?"

அவன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஊன்றுகோலை ஒருமுறை தட்டி நிமிர்ந்து நின்றான்.

"நான்தான் பையில நட்டு போட்டேன் டாக்டர். சீக்கிரம் ஒட்டட்டும்னு நானா செஞ்சது. மாமாவுக்குத் தெரியாது."

சிஸ்டர் தலையில் கை வைத்தார். என் மனைவி அவனைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "மாமா மேல அவ்வளவு பாசமாடா தம்பி!" என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா முகம்கூட இளகியது.

கம்பி அவனுக்கு. பட்டறை அவனுக்கு. என் பொய்யும் அவனுக்கா? அதற்கும் அவனுக்கே நல்ல பேரா?

"பொய்!" என்று கத்தினேன். "நான்தான் செய்யச் சொன்னேன்! நீங்க சொன்னதா அவன்கிட்ட நான்தான் அளந்தேன். அவனுக்கு இவ்வளவு புத்தி எங்கேருந்து வரும்?"

"அட, திருட்டுக்குமா போட்டி?" என்றார் தையல்காரர்.

சிஸ்டர் பையை அவிழ்த்துத் தட்டில் கொட்டினார். மணலோடு நட்டுகள் கலகலவென்று விழுந்தன. நட்டுகளை மட்டும் பொறுக்கிக் குழந்தை எடை பார்க்கும் தராசில் வைத்தால் நாலு கிலோ சொச்சம். டாக்டரம்மா என்னைத் திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சிரித்தார்.

"அப்போ சதை மாட்டலை. நீங்களே இழுத்துப் பிரிச்சிருக்கீங்க. இந்தப் படத்தை மட்டும் நம்பியிருந்தா நான் திறந்திருப்பேன்." பிறகு சிரிப்பு நின்றது. "பம்புக்காரரே, இது சக்கரத்தைக் கழட்டற வேலை இல்லை. முனை ரெண்டும் தொட்டுக்கிட்டு இருந்தாத்தான் நடுவுல புது எலும்பு பாலம் கட்டும். மணல் எதுக்குன்னா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம இருக்க. அவ்வளவுதான். இனி நாலு கிலோ. வாரத்தை முதல்லேருந்து எண்ணுங்க."

பையின் வாயைத் தையல்காரரிடமே கொடுத்து இரட்டைத் தையல் போடச் சொன்னார் சிஸ்டர். "பிரிச்சா கூலி தனி," என்றார் அவர்.

அடுத்த வாரப் படத்தில் முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. பதினோரு மில்லி கம்பி இன்னும் வரவில்லை. வந்தாலும் இனி வேண்டாம், இப்படியே ஒட்டட்டும், எட்டு வாரம் என்றார் டாக்டரம்மா.

எல்லோரும் போன பிறகு அவன் மட்டும் நின்றான்.

"ஏன்டா உன் தலையில போட்டுக்கிட்ட?"

"நீங்க பேசாம இருந்தீங்களே மாமா. யாராவது சொல்லாட்டி உங்களை அறுத்திருப்பாங்க."

"நான் சொல்லியிருப்பேன்."

"சொன்னீங்களே," என்றான். கேலி இல்லை. அதுதான் இன்னும் சுட்டது.

"பட்டறைக்கு நேரமாச்சு. கிளம்புடா."

அன்றைக்கு அவன் ஒற்றை ஊன்றுகோலோடுதான் வந்திருந்தான். கதவு வரைக்கும் இருபத்திரண்டு காலடி. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒவ்வொன்றாக எண்ணினேன்.