பெரியவரை எங்கே நிறுத்தினீங்க?

1

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள். கதவோரம் உட்கார்ந்தால் என் குரல் உங்களுக்கு எட்டாது, உங்கள் சிரிப்பு எனக்கு எட்டாது. காணாமல் போன ஒரு கோவேறு கழுதையின் கதையைச் சொல்லப்போகிறேன். கழுதைக்கு ஒன்றும் ஆகாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். கவலைப்படுவதென்றால் அதைத் தொலைத்தவருக்காகப் படுங்கள். அதன் முதுகில் ஒரு பொருளை வைத்துவிட்டுக் காத்திருந்தவளுக்காகப் படுங்கள்.

இது என்னிடம் வந்து சேர்ந்த விதத்தை ஒப்புக்கொள்கிறேன். என் அண்ணன் மகள் ஒருநாள் வந்தாள். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து பாதியைச் சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அத்தை" என்றாள். அதே வாரம் அவள் வீட்டுக்காரர் வந்தார். அதே ஸ்டூலில் உட்கார்ந்து மறுபாதியைச் சொன்னார். "அவகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க அத்தை" என்றார். இரண்டு பாதியும் என் கையில். ஒட்டவைக்கும் உரிமை மட்டும் இல்லை.

(இப்போது எழுத உரிமை கிடைத்துவிட்டது. எப்படிக் கிடைத்தது என்பதுதான் கதை.)

2

முதல் வரியை எழுதிப் பார்த்தேன்.

‘பனி மூடிய மலையடிவாரத்தில், நீலக் கோட்டையின் நிழல் விழும் வேளையில்...’ வேண்டாம். எனக்கே கொட்டாவி வந்தது.

‘அவள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவள், அவர் லிஃப்ட் மெக்கானிக், ஆகவே இருவரும் பிறர் பயத்தைத் தினமும் பார்க்கிறவர்கள், ஆகவே...’ ஆகவே என்ன? தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

நேராகவே சொல்கிறேன். அவள் விடியும்போது டியூட்டிக்குக் கிளம்புவாள், பிற்பகலில் திரும்புவாள். அவர் மதியம் கிளம்புவார், திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். வார விடுமுறையும் ஒரே நாளில் விழுவதில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து இதே கூத்து. அதனால் அவர்கள் பாதிக் குடித்தனத்தை ஒரு கேமுக்குள் நடத்திவந்தார்கள்.

திறந்த உலகம் என்பார்களே, அந்த வகை. காடு, மலை, கோட்டை, நெருப்பு கக்கும் டிராகன். எந்தத் திசையில் வேண்டுமானாலும் போகலாம். ஒரே ஒரு வீரன். காலையில் அவனை இவர் ஓட்டுவார், மாலையில் அவள் ஓட்டுவாள். (‘ஓட்டுவார்’ சரியான சொல்தானா என்று கேட்டேன். "இருக்கட்டும் அத்தை, நம்ம லிஃப்ட் மாதிரின்னு வச்சுக்குங்க" என்றார்.)

வீரனுக்குப் பின்னால் மூட்டை சுமந்து வரும் கோவேறு கழுதைதான் பெரியவர். கூப்பிட்டால் உடனே வராது. ஒரு தரம் தலையை ஆட்டி யோசித்துவிட்டுத்தான் நடக்கும். அதனால் அந்த மரியாதைப் பெயர். இவர் காலையில் நல்ல வாள் கிடைத்தால் பெரியவரின் பையில் போடுவார், மாலையில் அவள் எடுத்துக்கொள்வாள். அவள் மீன் சுட்டு வைப்பாள், மறுநாள் இவர் தின்பார். மனஸ்தாபம் என்றால் பையில் வெறும் கல் கிடக்கும். கழுதையின் முதுகில் தபாலாபீஸ் நடத்தினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த உலகத்துத் தச்சன் கடையில் ஒரு தொட்டில் விற்கிறது. ஒன்றுக்கும் உதவாது, கனம் மட்டும் அதிகம். வயிற்றில் குழந்தை தங்கியிருக்கிறது என்று தெரிந்த அன்று மாலை, அண்ணன் மகள் அந்தத் தொட்டிலை வாங்கிப் பெரியவரின் பையில் வைத்தாள்.

"போன்ல சொல்லக் கூடாதாடி?" என்றேன்.

"லிஃப்ட் குழிக்குள்ள கிரீஸும் கையுமா நிக்கிற மனுஷன்கிட்ட போன்ல கத்துற சேதியா அத்தை இது? காலையில டீ குடிச்சுக்கிட்டே பையைத் திறப்பாரு. அந்த மூஞ்சியை நினைச்சுக்கிட்டே நான் அன்னைக்கு எத்தனை பேர் கையில ஊசி குத்தினேன் தெரியுமா? ஒருத்தருக்கும் வலிக்கலையாம்."

மறுநாள் காலை அவர் டீ குடித்தார். பையைத் திறக்கவில்லை.

3

இங்கே எனக்கு அவர் மேல் ஒரு சந்தேகம் வந்தது. பாத்திரமாகச் சொல்கிறேன், மனிதராக அல்ல. தினமும் திறக்கிற பையை அன்று மட்டும் ஒருவர் திறக்காமல் இருப்பாரா? கதைக்காரி தன் வசதிக்கு ஏற்பாடு செய்ததுபோல் இருக்கிறதே?

அவரிடமே கேட்டிருக்கிறேன். திரையைப் போட்டதுமே எதிரில் ஒரு ராட்சதன் நின்றானாம். பெரியவருக்கு அடிபடக் கூடாது என்று ‘இங்கேயே நில்’ கட்டளையைக் கொடுத்துவிட்டு வீரனை ஓடவிட்டிருக்கிறார். துரத்தல் மலை தாண்டி, ஆறு தாண்டிப் போய், கடைசியில் வீரன் செத்துவிட்டான். அந்த உலகத்தில் செத்தால் எங்கோ தொலைவில் இருக்கும் சத்திரத்தில் முழிப்பு வரும். வந்தது. பெரியவர் மட்டும் எங்கோ நின்றுகொண்டிருந்தார். எங்கே என்று மேப்பில் ஒரு புள்ளிகூட இல்லை.

"சரி, கழுதை தொலைஞ்சுபோச்சுன்னு அவகிட்ட சொல்றதுதானே? இதுக்குப் போய் இப்படிப் பயப்படறீங்க?"

"கழுதையா?" என்று முகம் சுண்டிவிட்டது அவருக்கு. "கல்யாணமாகி முதல் வாரம் ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கினது அத்தை. அதுக்கப்புறம் நாங்க சேர்ந்து வாங்கினது வாஷிங் மெஷின் ஒண்ணுதான். அது தெரிஞ்சுதான் அவ கேம் பக்கமே வர்றதில்லைன்னு நினைக்கிறேன். கோவம் போல."

அவள் கேம் பக்கம் போகாததற்குக் காரணம் வேறு. திரையில் மலை சுழன்றால் இவளுக்கு வயிறு சுழன்றது. பிள்ளைத்தாய்ச்சிக்கு அந்த ஆட்டம் ஆகவில்லை. தொட்டிலை அவர் பார்த்திருப்பார் என்றே நம்பி, பதிலுக்குக் காத்திருந்தாள்.*

* இந்த இடத்தில் நான் அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நினைப்பீர்கள். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவளுடைய சேதி அது, என்னுடையது அல்ல. வாயில் ஒரு பிஸ்கட்டைப் போட்டு அடைத்துக்கொண்டேன்.

4

கதையை இங்கே நிறுத்தி, கட்டுரை மாதிரி கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது. கால் நீட்டிக்கொள்ளுங்கள்.

அந்த வாரம்தான் கேம் கம்பெனிக்காரர்கள் ஒரு பக்கம் திறந்து, ‘எதைச் சரிசெய்யலாம், சொல்லுங்கள்’ என்று கேட்டிருந்தார்கள். கதைக்காக நானும் உட்கார்ந்து படித்தேன். பொழுது போனதே தெரியவில்லை. ஒருவர், காவல்காரன் எப்போது பார்த்தாலும் ‘முட்டி வலிக்குது’ என்கிறான், ஒன்று அவனுக்கு வைத்தியம் பாருங்கள், இல்லை பேச்சை மாற்றுங்கள் என்கிறார். இன்னொருவர், கூரைக்குக் கீழே நின்றாலும் மழை பெய்கிறது என்கிறார். மூன்று பூசணிக்காய் எடுத்தால் நடக்க முடியாத வீரன் எப்படி டிராகனைத் தூக்கி அடிக்கிறான் என்று ஒருவருக்கு ஆத்திரம். நிற்கச் சொன்ன மிருகத்துக்கு மேப்பில் ஒரு புள்ளி வையுங்கள் என்று பலபேர் கெஞ்சியிருந்தார்கள். உலகத்தில் எத்தனை கழுதைகள் இப்படி நிற்கின்றனவோ!

எனக்குப் பிடித்த குறை ஒன்று உண்டு. நாட்டையே எரிக்கப்போவதாக மிரட்டிய அரக்கன், நாம் மீன் பிடித்து, சட்டை மாற்றி, ஊர் சுற்றிவிட்டுப் போகும்வரை தீப்பந்தத்தோடு பொறுமையாக நிற்கிறானாம். ‘அவசரம் என்றால் அவசரமாக இருக்கட்டும்’ என்று எழுதியிருந்தார் ஒருவர். எனக்கோ அந்த அரக்கன் மேல் பாசமே வந்துவிட்டது. திறந்த உலகம் என்றால் எல்லாம் நமக்காகக் காத்திருக்கும் உலகம் போலும். கதையும் அப்படித்தான், நான் பேனாவை மூடினால் எல்லோரும் நிற்பார்கள். வயிற்றில் வளர்வது நிற்காது. அது யார் கட்டளையையும் கேட்காது.

அந்தப் பக்கத்தில் ‘பாதிமாடி’ (லிஃப்ட் சிக்கி நிற்கும் இடமாம்) என்ற பெயரில் எழுதுகிறவர் நம் லிஃப்ட்காரர். அந்தப் பெயர் அவளுக்கும் தெரியும். கழுதையைப் பற்றி எழுதினால் அவள் கண்ணில் பட்டுவிடும் என்று பயந்து, சும்மா வேறு எதையாவது எழுதிவைப்போம் என்று அவர் எழுதியது இது: ‘தச்சன் கடையில் விற்கும் தொட்டிலை எடுத்துவிடுங்கள். யாருக்கு வேண்டும் அது?’

ஆஸ்பத்திரி கேன்டீனில் அவள் அதைப் படித்தாள்.

5

"பதில் சொல்லிட்டாரு அத்தை" என்றாள் என் ஸ்டூலில் உட்கார்ந்து. அழவில்லை. (அழுததாக முதலில் எழுதியிருந்தேன். "நான் எங்க அழுதேன்? வெங்காயம் நறுக்கினது நீங்க" என்று திருத்தினாள்.)

"நேரா ஒரு வார்த்தை கேட்டுடேன்டி."

"கேட்டு, ‘ஆமா, வேணாம்’னு சொல்லிட்டா? இப்பவாவது அவர் வாயால கேக்கலை. அம்மா வீட்டுக்குப் போறேன். நாளைக்கு அரை நாள் லீவு சொல்லியிருக்கேன். அவர் டியூட்டிக்குப் போனதும் துணியை எடுத்து வைக்கணும்."

அவள் போனபிறகு நான் முடிவுகளை எழுதிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை, வேறென்ன செய்ய?

முதல் முடிவு: கம்பெனிக்காரர்கள் மேப்பில் புள்ளி வைக்கிறார்கள், அவர் பெரியவரைக் கண்டுபிடித்துப் பையைத் திறக்கிறார். ஆனால் அது வருவதற்குள் அவள் ரயிலில்...

இரண்டாம் முடிவு: அத்தை வாக்கை மீறி போன் போடுகிறாள். (எண்ணை அழுத்தவும் செய்தேன். ‘நீங்கள் அழைக்கும் நபர்’ என்று ஒரு பெண் ஆரம்பித்தாள். லிஃப்ட் குழிக்குள் சிக்னல் ஏது?)

மூன்றாவது முடிவை எழுதத் தாளை எடுத்தபோது, அவர்களே ஒன்றைச் செய்துவிட்டார்கள். பாத்திரங்கள் இப்படிக் கதைக்காரியைக் கேட்காமல் நடந்துகொண்டால் என்ன செய்வது சொல்லுங்கள்.

6

நடந்தது இது. இருவரும் தனித்தனியாகச் சொன்னதை ஒட்டியிருக்கிறேன்.

மறுநாள் அவள் பாதி வேலையில் கிளம்பி, மதியம் தாண்டியதுமே வீடு வந்துவிட்டாள். அவர் போயிருப்பார் என்று நினைத்துக் கதவைத் திறந்தால், மனிதர் யூனிஃபார்மில், ஒரு காலில் ஷூவோடு, திரைக்கு முன்னால் குந்தியிருக்கிறார். வீரன் பனியில் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறான்.

அவள் திரையைப் பார்த்தாள். "பெரியவர் எங்கே?"

அவர் திரும்பவே இல்லை. "அது வந்து... நிறுத்தி வச்சிருக்கேன்."

"பெரியவரை எங்கே நிறுத்தினீங்க?"

"அதைத்தான் தேடிட்டிருக்கேன். பத்து நாளா."

"பத்து நாளா? அப்போ பையை...?"

"திட்டணும்னா திட்டிடு. உன் வெள்ளி வில்லும் அதுலதான் இருக்கு. தெரிஞ்சுதானே பேசாம இருக்க?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோபம் பாதியில் நின்றுவிட்டது, மகிழ்ச்சி இன்னும் வந்து சேரவில்லை. (இந்த வாக்கியம் என்னுடையது. அவள் "உக்காந்தேன், அவ்வளவுதான்" என்றாள்.)

"அப்புறம் ஏன் தொட்டில் யாருக்கு வேணும்னு எழுதினீங்க?"

"எந்தத் தொட்டில்? ஓ, அதுவா! நீ முழுசா படிச்சியா?"

"படிச்சேன்."

"போன்ல ரெண்டு வரிதான் தெரியும். ‘மேலும்’னு இருக்குமே, அதை அழுத்தினியா?"

அவள் அழுத்தவில்லை. தினமும் நூறு பேரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கடைசி வரி வரை படிக்கிறவள், புருஷன் எழுதியதில் இரண்டு வரியோடு நின்றுவிட்டாள். இப்போது போனை எடுத்து அழுத்தினாள். கீழே இருந்தது: ‘இல்லையென்றால் அதில் ஒரு குழந்தையை வையுங்கள். காலித் தொட்டிலைப் பார்த்தால் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. வீட்டில் சொன்னால் சிரிப்பாள்.’

அவள் சிரிக்கவில்லை. முதலிலிருந்து இன்னொரு தரம் படித்தாளாம்.

"ஏன், இப்ப எதுக்கு அதைக் கேக்குற?" என்றார் அவர்.

"முதல்ல பெரியவரைக் கண்டுபிடிங்க" என்றாள். "டியூட்டிக்கு லேட்டா வர்றேன்னு சொல்லுங்க. தள்ளி உக்காருங்க."

பக்கத்தில் உட்கார்ந்தாள். திரை சுழன்றதும் குமட்டியது, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"கண்ணை மூடிக்கிட்டு எப்படித் தேடுவ?"

"சத்தத்தை ஏத்துங்க."

அவர் காலையில் எப்போதும் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் விளையாடுவார். மோட்டார் அறையின் இரைச்சலில் வேலை பார்க்கிற மனிதர், வீட்டிலாவது காது சும்மா இருக்கட்டும் என்று. அந்த உலகத்தில் பெரியவரின் கழுத்தில் ஒரு மணி உண்டு என்பதே அவருக்கு இத்தனை காலம் தெரியாது.

"மணியா? நிஜமாவா?"

"ஷ்ஷ். ஆத்துச் சத்தம் கேக்குது. இதுக்கு மேல போங்க... போங்க... வேணாம், திரும்புங்க. இடது பக்கம். அங்க!"

பாறைக்குப் பின்னால், கழுத்து வரை பனியில், பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். யாரோ எழுதிய கட்டளைக்குப் பத்து நாள் பணிந்து நின்ற பிராணி, அவர்களைப் பார்த்ததும் வழக்கம்போல ஒரு தரம் யோசித்தது. பிறகு நடந்து வந்தது.

"நீங்களே பையைத் திறங்க" என்றாள் அவள். குமட்டலையும் பொருட்படுத்தாமல் கண்ணைத் திறந்துவிட்டாள். திரையைப் பார்ப்பதற்காக அல்ல.

7

இங்கேதான் என் பேனா மக்கர் செய்கிறது.

பையைத் திறந்ததும் அவர் சொன்னது என்ன? "ஒண்ணும் சொல்லலை, சிரிச்சேன்" என்கிறார் அவர். "‘இந்தக் கனத்தைச் சுமந்துக்கிட்டா இத்தனை நாள் நின்னாரு?’ன்னு கேட்டாரு அத்தை, முதல் வார்த்தையே கழுதைக்கு இரக்கம்" என்கிறாள் அவள். "அதுக்கப்புறம்?" என்று கேட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்க்கிறார்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை, எழுதிக்கொள்ளுங்கள் என்று இருவருமே சொல்லிவிட்டதால், எழுதியதைப் போய்ப் படித்துக் காட்டினேன். அவருக்கு ஒரே ஒரு குறை, கதையில் ராட்சதன் சண்டை போதவில்லையாம். அவளுக்கு, வெங்காயம் அதிகமாம்.

அந்த ‘அதுக்கப்புற’த்தை நான் பலவிதமாக எழுதி அடித்தேன். எல்லாமே என் குரலாகத்தான் வந்தது. அதனால் அந்த இடத்தை உங்களிடம் விடுகிறேன். நல்ல சேதி கேட்டால் பேச்சு வராமல் விழிக்கிற ஒரு மனிதரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவரை ஒரு காலில் ஷூவோடு அங்கே உட்காரவையுங்கள். அவர் என்ன சொல்வாரோ அதுதான் முடிவு. அது அசட்டுத்தனமாக இருந்தால் இன்னும் நல்லது, திருத்தாதீர்கள்.

சரி, பொழுதாகிவிட்டது, எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கட்டும். உள்ளே நுழைந்ததும் ‘சாப்பிட்டியா?’ என்று கேட்க ஓர் ஆள் இருக்கட்டும். நல்ல சேதி ஏதாவது இருந்தால் அது எந்த மலையும் சுற்றாமல், உரிய காதில் உடனே போய் விழட்டும்.