பீரோச் சாவி

சாவியைக் கேட்டு ஆள் வந்தபோது அவள் கணவரின் தலைக்கடியில் போர்வையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். நேராக்கி வைத்தால் தலை மறுபடி இடப்பக்கம் சரிந்தது. உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான், நாற்காலியில் தூங்கினாலும் இடப்பக்கம் சாய்ந்துதான் தூங்குவார். மூன்றாவது தடவை சரிந்ததும் அவள் விட்டுவிட்டாள்.

"அக்கா..."

வாசலில் நின்றவர் அவருடைய அலுவலகத்து உதவியாளர். கடிதக் கட்டுகளைச் சுமந்தே தலை நரைத்தவர் என்பதால் அரசுக் குடியிருப்பு முழுவதும் அவருக்குத் 'தபால்' என்றே பெயர். கழற்றின செருப்பைக் கீழே போட மறந்து கையிலேயே வைத்திருந்தார். அழுத கண்.

"உள்ள வா தம்பி. பாத்துட்டுப் போ."

வந்து பார்த்தார். பார்த்த பிறகும் போகவில்லை. கடைசியில் தரையிடம் சொல்வதுபோலச் சொன்னார்: "பெரிய சார் அனுப்புனாருக்கா. சாரோட பீரோச் சாவி வேணுமாம்."

கூடத்தில் முனகல் நின்றது. மூலையில் உட்கார்ந்திருந்த நாத்தனார்தான் முதலில் வாய் திறந்தாள். "நல்லா இருக்குய்யா உங்க ஆபீஸ்! காலைல ஆறு மணிக்குப் போன உயிரு, மணி ஒம்பது ஆகல, அதுக்குள்ள சாவியா? எரியிற வீட்டுல புடுங்குனது லாபமா?"

"எனக்கென்னம்மா தெரியும்? போன்னா போறவன், வான்னா வாரவன்."

ஏன் கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். கணவர் கட்டட ஆய்வாளர். மூன்று பேர் பார்க்கவேண்டிய வேலையை இரண்டு வருடமாகத் தனி ஆளாய்ப் பார்த்தவர். ஊரின் புதுப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு நாளைக் காலையில் திறப்பு விழா. கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று அவர் சான்றிதழ் கொடுக்காமல் திறக்க முடியாது. கீழ்த்தளத்துத் தூணில் விரிசல். "என் சுண்டுவிரல் உள்ள போகுது," என்று ஒருநாள் சாப்பிடும்போது விரலைக் காட்டினார். "அதுக்கு மேல ரெண்டு மாடி. கீழ இருபது பிள்ளைத்தாச்சிங்க படுக்கப் போறாங்க. நான் எப்படிப் போடுவேன் கையெழுத்து?" மேலே இருப்பவர்கள் போடு போடு என்றார்கள். கான்டிராக்டர் வாசலில் வந்து நின்றான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது அப்போதுதான் தொடங்கியது.

சாவியை இவர்கள் கையில் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? அவர் போட மறுத்த கையெழுத்தை யாராவது போட்டுவிடுவார்கள். செத்தவர் எழுந்து வந்து 'இது என்னுடையது இல்லை' என்று சொல்லப்போகிறாரா?

"சாவியத் தர மாட்டேன் தம்பி. நானே வரேன். நானே தொறந்து, உள்ள என்னென்ன இருக்குன்னு பட்டியல் எழுதி, உங்க பெரிய சார்கிட்டக் கையெழுத்து வாங்கிட்டுத்தான் சாவி. பொறுப்பு ஒப்படைக்கிறதுன்னா அதுதானே முறை? இருபத்தெட்டு வருஷமா இந்த வீட்டுல அந்தப் பாடத்தத்தான் கேட்டேன்."

தபாலின் முகம் மாறியது. "வேண்டாங்க்கா. நீங்க வராதீங்க. என்கிட்டக் குடுங்க, நான் பாத்துக்கிறேன்."

"நீயுமா தம்பி? எத்தன நாள் இந்த வீட்டுச் சோத்தத் தின்னிருப்ப?"

அவர் வாசலுக்குப் போனார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

மகள் அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். "அம்மா, குடுத்துடும்மா. அப்பா வேலைய எனக்குக் கேட்டு அந்த ஆளுகிட்டத்தான மனு குடுக்கணும்? அவர் எழுதினாத்தான் கெடைக்கும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"உங்கப்பா வேற என்னடி வச்சுட்டுப் போயிருக்காரு? பேரு ஒண்ணுதான்."

வாசலைத் தாண்டும்போது நாத்தனார் முணுமுணுத்தாள். "பொணத்தப் போட்டுட்டு ஆபீசுக்குப் போற பொம்பளைய இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"நாலு மணிக்குத்தான எடுக்குறோம்? அதுவரைக்கும் உங்கண்ணன் எங்கயும் போயிர மாட்டாரு. பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

அலுவலகம் குடியிருப்புக்குப் பின்தெருவில்தான். அவருடைய அறையில் காகிதக் கட்டுகள் சன்னல்வரை ஏறியிருந்தன. மின்விசிறி ஓடியது. பெரிய அதிகாரி அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். அவரும் தூங்காத மனிதர்தான் என்பது பார்த்தாலே தெரிந்தது. கையில் போன் அதிர்ந்தது, அமுக்கினார், மறுபடி அதிர்ந்தது.

"நீங்க எதுக்கும்மா இந்த நேரத்துல..."

"இந்த நேரத்துலதான சார் நீங்க கேட்டீங்க."

பீரோவைத் திறந்தாள். தபால் இரண்டு தாள்களுக்கு நடுவில் கார்பன் வைத்து எழுதினார். முதல் தட்டு, இரண்டாம் தட்டு. மூன்றாம் தட்டில் ஆஸ்பத்திரிக் கோப்பு. கட்டை அவிழ்த்து அட்டையைத் திருப்பினாள்.

மேலேயே இருந்தது சான்றிதழ். கட்டடம் உறுதியாக உள்ளது. கீழே அவருடைய கையெழுத்து.

வேறு யாரும் போட்டதாக இருக்க முடியாது. கடைசி எழுத்தின் வாலை வலப்பக்கம் இழுத்து, போதும் என்பதுபோல ஒரு புள்ளி வைப்பார். வால் இருந்தது. புள்ளியும் இருந்தது. தேதி மூன்று நாளுக்கு முந்தியது.

அதன் அடியில் இன்னும் இரண்டு தாள்கள், குண்டூசி குத்தி. ஒன்று அவருக்கு வந்த மாற்றல் உத்தரவு. பதினாலு மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டிய ஊருக்கு. போன மாதமே வந்திருக்கிறது. மற்றது அந்த மாற்றலை ரத்து செய்த உத்தரவு. அதற்கும் சான்றிதழுக்கும் ஒரே தேதி.

போன மாதம் ஒரு காலையில் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே கேட்டிருந்தார்: "மாத்தல் வந்தா என்ன பண்ணுவ?" அவள் அடுப்பை விட்டுத் திரும்பாமலே சொன்னாள்: "பதினோரு வீடு மாறியாச்சு. இன்னொரு தடவ மூட்டை கட்டச் சொன்னா வாசல்லயே படுத்து உசுர விட்டுருவேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

அவள் தபாலைப் பார்த்தாள். அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வராதீங்க, வராதீங்க என்று கெஞ்சினது யாருக்காக என்று இப்போது புரிந்தது.

பெரிய அதிகாரி தணிந்த குரலில் சொன்னார். "நல்ல மனுஷன்மா. அவரத் தப்பு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. எனக்கு மேல ஆறு பேர். அவங்க என்னை நெருக்குனாங்க, நான் அவர நெருக்குனேன். குடுங்க. நாளைக்கு விழா."

அவள் கொடுக்கவில்லை. தாளை மறுபடி படித்தாள். இடப்பக்க மூலையில் ஒரு கோடு மட்டும் இருந்தது, அதன்மேல் ஒன்றும் எழுதவில்லை.

"தம்பி, இந்த எடம் ஏன் காலியா இருக்கு?"

"அது அனுப்பு எண்ணுக்கா. பதிவேட்டுல ஏத்தி, எண் போட்டு வெளிய அனுப்புனாத்தான் சான்றிதழ் செல்லும்."

"அனுப்பலயா?"

"கையெழுத்துப் போட்ட அன்னிக்கே கேட்டேன். நாளைக்குன்னாரு. மறுநாளும் நாளைக்குன்னாரு. நேத்து, அனுப்பலன்னா மாத்தல் மறுபடி வந்துரும் சார்ன்னேன், ஒண்ணுமே சொல்லல. பீரோவப் பூட்டிட்டுச் சாவியப் பையில போட்டுக்கிட்டுப் போனாரு. சாயந்திரம் நெஞ்சு வலின்னு..."

"எண்தானம்மா? இப்பப் போட்டுக்கலாம். ரெண்டு நிமிஷ வேல," என்றார் பெரிய அதிகாரி.

அவள் கணவரின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எழுது தம்பி. சான்றிதழ் ஒண்ணு. கையெழுத்து இருக்கு. அனுப்பு எண் இல்ல. அவர் இறந்த நேரம் வரைக்கும் அனுப்பப்படல."

தபாலின் பேனா ஒரு கணம் நின்று, பிறகு ஓடியது.

"கடைசி வரி வேண்டாமேம்மா."

"பட்டியல்தான சார். உள்ளத உள்ளபடி எழுதுறோம்."

"உங்க பொண்ணோட மனு என் மேஜைக்குத்தான் வரும்." மிரட்டலாகச் சொல்லவில்லை. களைப்பாகத்தான் சொன்னார்.

"தெரியும் சார். தெரிஞ்சுதான் வந்தேன்."

துக்கம் கேட்க வந்த பக்கத்து அறைக்காரர்கள் ஐந்தாறு பேர் கதவோரம் கூடியிருந்தார்கள். யாரும் உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை. போன் அதிர்ந்துகொண்டேயிருந்தது. பெரிய அதிகாரி இரண்டு பிரதியிலும் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடியவர், நிஜமாகவே யோசனை கேட்பவர் மாதிரி அவளைக் கேட்டார்.

"நாளைக்கு அவங்களுக்கு நான் என்னம்மா சொல்லுவேன்?"

"ஆள் செத்துட்டாருன்னு சொல்லுங்க சார்."

சாவியை மேஜைமேல் வைத்தாள். ஒரு பிரதியை மடித்து எடுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது தபால் இரண்டடி பின்னாலேயே வந்தார். குடியிருப்பு வாசலில், "உங்களுக்குத் தெரியவேண்டாம்னு நெனச்சேங்க்கா," என்றார்.

"சாப்பிட்டியா தம்பி?" என்றாள் அவள்.

வீட்டில் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். நாத்தனாரின் குரலில் இப்போது சூடு இல்லை. "அண்ணி, நல்ல சட்டையா ஒண்ணு எடுங்க."

அலமாரியைத் திறந்தாள். கொக்கிகள் வெறுமனே தொங்கின. கொடியில் பார்த்தாள், கதவுக்குப் பின்னால் பார்த்தாள். ஒரு சட்டைகூட இல்லை. குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தபோது பழைய பெட்டி இருந்தது, கயிறு கட்டி.

இழுத்துப் பிரித்தாள். நாலு சட்டை. இரண்டு பேன்ட். சவரச் சாமான். ரத்த அழுத்த மாத்திரை. ஒரு தலையணை, ஒரு போர்வை, ஒரு தட்டு. செய்தித்தாளில் சுற்றி ஒரு டம்ளர். செய்தித்தாளைப் பிரித்துத் தேதியைப் பார்த்தாள். முந்தாநாள், கையெழுத்துப் போட்டதற்கு மறுநாள்.

அவளுடையது என்று ஒரு கைக்குட்டைகூட உள்ளே இல்லை.

மகள் பின்னால் வந்து நின்றாள். "அப்பா எங்கம்மா கெளம்புனாரு?"

அவள் நீலச் சட்டையை எடுத்து நீட்டினாள். "இஸ்திரி போட்டுக் கொண்டா. காலர் பொசுங்காமப் பாத்துப் போடு."

மகள் போன பிறகு டம்ளரை அதே தாளில் சுற்றி அதே இடத்தில் வைத்தாள். மூடியை அழுத்திச் சாத்தினாள். அவருக்குக் கயிறு கட்ட வராது, பாதி வழியிலேயே அவிழ்ந்துவிடும். பெட்டியின்மேல் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு, கயிற்றை இரண்டு சுற்றாகப் போட்டு இறுக்கி, முடிச்சுப் போட்டாள். அது நிற்கிறதா என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தாள்.