ரெண்டு ஹாரன்

நாமக்கல்லில், திருச்செங்கோடு ரோட்டில், லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தான் ஜெகதீஸ்வரன். பலகை அறுப்பதில் ஒரு நூல் பிசகினால் போதும், அவன் போடும் சத்தத்தில் பட்டறையே அதிரும். ஆனால் இரண்டரை வயது மகள் நித்யஸ்ரீயிடம் மட்டும் அந்தக் குரல் எழும்பாது. "வேண்டாம்" என்று அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் தன்னிடம் வராமல் போய்விடுவாளோ என்று பயம். ஊரையே அதட்டுகிற மனுஷனுக்கு இதை வெளியில் சொல்ல முடியுமா?

மகளுக்கோ லாரி ஹாரன் என்றால் உயிர். வீடு பட்டறைக்குப் பின்னாலேயே. தினமும் ஏதாவதொரு லாரியில் ஏறி உட்கார்ந்து அடித்துத் தள்ளினாள். எதிரிலிருந்த டீக்கடைக்காரர் காதில் பஞ்சோடு டீ ஆற்றுவதைப் பார்த்ததும் மனைவி தனப்பிரியா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஏனுங்க, எப்பப் பாத்தாலும் நானே கெட்டவளா இருக்க முடியாது. இதுக்கு ஒரு அளவு வையுங்க. இந்தத் தடவ நீங்கதான் சொல்லோணும்."

ஜெகதீஸ்வரன் யோசித்து ஒரு சட்டம் போட்டான். "மூணு தடவதான் சாமி. அப்புறம் எறங்கீரோணும்."

மகள் தலையாட்டினாள். ஹாரனை அமுக்கினாள். "ஒண்ணு." மறுபடி அமுக்கினாள். "ரெண்டு." மறுபடியும் அமுக்கிவிட்டு, "ஒண்ணு" என்றாள். அவளுக்குத் தெரிந்ததே அவ்வளவுதான். மூன்று வரும் வரும் என்று அப்பன் கால்மணி நேரம் காத்திருந்தான். வெல்டர் தமிழரசு வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

தனப்பிரியா தலையில் அடித்துக்கொண்டாள். "அவளுக்குத் தெரிஞ்ச வரைக்கும் வையுங்க!"

இரண்டு என்று ஆயிற்று. இரண்டாவது அடித்ததும், "ரெண்டாச்சு, எறங்கு சாமி" என்பான். அவள் உதட்டைப் பிதுக்குவாள். உடனே இன்னொன்றுக்குச் சரி என்றுவிடுவான். நான்கு நாளாக இதே கூத்து.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. எருமப்பட்டி சென்னியப்பனின் புது லாரிக்குப் பூசை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியாக வேண்டும். மாலை போட்டு, சூடம் காட்டியாயிற்று. மணி பத்து இருபது. பார்த்தால் டிரைவர் சீட்டில் நித்யஸ்ரீ! டிரைவர் வேல்முருகன் ஆசையாக ஏற்றிவிட்டிருந்தார்.

ஒன்று அடித்தாள். இரண்டு அடித்தாள்.

"ரெண்டாச்சு, எறங்கு சாமி."

ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டாள். உதடு பிதுங்கியது.

"இன்னொருக்கா அடிச்சுக்கட்டும், உடுங்க தம்பி" என்றார் சென்னியப்பன். "நல்ல காரியத்துல கொழந்த அழுவக்கூடாது."

சகுனம் பார்க்கிற மனிதர். அவர் முகம் கோணினால் அடுத்த வண்டி வேறு பட்டறைக்குப் போய்விடும். ஜெகதீஸ்வரனுக்கு வியர்த்தது. தனப்பிரியா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கும் வழுக்கினால் தன் பேச்சுக்கு இனி மகளிடம் மரியாதையே இருக்காது என்று அவனுக்கே தெரிந்தது.

"இல்லைங்க. ரெண்டுன்னா ரெண்டுதானுங்க" என்று மகளை அள்ளி இறக்கினான்.

அவள் வீறிட்டதற்கு எந்த ஹாரனும் ஈடாகாது. அவன் தோளைக் கடித்தாள். "அப்பா வேண்டா!" என்றாள். அவன் பயந்துகொண்டிருந்த சொல். ஆனாலும் கீழே விடாமல், முதுகைத் தட்டிக்கொண்டே நின்றான். அந்த அழுகைக்கு நடுவிலேயே எலுமிச்சம்பழம் நசுங்கியது. சென்னியப்பன் முகம் சுருங்கிவிட்டது.

வண்டி பட்டறை கேட்டருகே போனதும் வேல்முருகன் புது வண்டிச் சந்தோஷத்தில் ஹாரன் அடித்தார். இன்னொன்று அடித்தார். பிள்ளை அழுகிறதே என்று மூன்றாவதும் அடித்தார்.

அழுகை பட்டென்று நின்றது. நித்யஸ்ரீ நிமிர்ந்து, கண்ணீரும் சளியுமாக லாரியைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"ரெண்டாச்சு! எறங்கு சாமி!"

வேல்முருகன் பதறி பிரேக் போட்டார். முதலில் சிரித்தது சென்னியப்பன்தான். தோளில் கிடந்த துண்டு கீழே விழுவதுகூடத் தெரியாமல் சிரித்தார். "எறங்குப்பா! உத்தரவு ஆயிருச்சல்லோ!"

வேல்முருகன் நிஜமாகவே இறங்கி வந்து கும்பிட்ட பிறகுதான் அவள் விரலை மடக்கினாள். பிறகு, கடித்த அதே தோளில் கன்னத்தை வைத்துச் சாய்ந்துகொண்டாள். கடித்த இடம் எரிந்தது. ஜெகதீஸ்வரன் தோளை அசைக்கவில்லை.